சாதாரணக் கைப்பிடி

எங்கள் ஊரில் 'கிராவல்' என்பது தமிழ் வார்த்தைதான். "கண்மாய்க்கரைக்குக் கிராவல் அடிச்சிருக்காங்க", "கிராவல் லாரி வருது, ஓரமாப் போ" என்று பள்ளிக்கூடம் பக்கமே போகாத பாட்டிகளும் சொல்வார்கள். செம்மண்ணும் சிறுகல்லும் கலந்த சரளைக்கு இங்கே அதுதான் பெயர். மேலூருக்குத் தெற்கே, கல்மலைகளுக்கும் கண்மாய்களுக்கும் நடுவே இருக்கிறது திருவாதவூர். தார் போட்ட சாலையை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் நாலு நிமிஷத்தில் காலுக்குக் கீழே சரளை சத்தம் போட ஆரம்பித்துவிடும்.

அதனால் 2024 அக்டோபரில், பெல்ஜியத்தில் நடந்த 'உலக கிராவல் சைக்கிள் சாம்பியன்ஷிப்' காட்சிகளைப் போனில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஹாலே என்ற ஊரிலிருந்து லூவன் வரை ஓட்டம். பெண்கள் பிரிவில் நெதர்லாந்தின் மரியான் வோஸ் கடைசி மீட்டர்களில் பாய்ந்து ஜெயித்தார். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, இந்த ரோட்டுல போறதுக்கா இவளுக காசு கட்டுறாளுக?"

"ஆமாம்மா. இது பந்தயம்."

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"முப்பத்தேழு."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் பத்தொன்பதுல ஓட்டுனேன்" என்றாள். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறது.

*

முதலில் அந்தப் பந்தயத்தின் கதை.

2006இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற சிறு நகரத்தில், 34 பேர் சைக்கிளோடு கூடினார்கள். ஃபிளிண்ட் ஹில்ஸ் என்ற புல்வெளிக் குன்றுகளின் சரளைப் பாதைகளில் ஒரே நாளில் 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர் ஓட்டுவது என்று முடிவு. அந்தக் குன்றுகளின் மண்ணில் கூர்மையான சிக்கிமுக்கிக் கற்கள் நிறைந்திருக்கின்றன. அந்தக் கல்லால்தான் அங்கே ஏர் இறங்கவில்லை, புல்வெளியும் பிழைத்தது. அதே கல்தான் டயர்களைக் கிழிக்கிறது. மேலூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. கல் ஒரு நிலத்தைக் காப்பாற்றவும் செய்யும், அதன் மேல் ஆசைப்படுகிறவர்களை வரவழைக்கவும் செய்யும்.

பந்தயத்தின் முதல் பெயரில் 'கான்சா' என்ற சொல் இருந்தது. அது அந்த நிலத்தின் பூர்வகுடிகளான கா மக்களைக் குறிக்கிற சொல். அந்தப் பெயர் தகுமா என்ற கேள்வி பல வருஷம் இருந்து, 2020இல் 'அன்பவுண்ட் கிராவல்' என்று மாற்றினார்கள். 34 பேரில் ஆரம்பித்தது இன்றைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குவிகிற திருவிழா. 25 மைலிலிருந்து 350 மைல் வரை பல தூரங்கள். தொழில்முறை வீரர்கள் 200 மைலை ஒன்பது, பத்து மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அதே பாதையில் புறப்பட்ட பள்ளி ஆசிரியரோ கடைக்காரரோ நள்ளிரவு தாண்டி வந்து சேர்கிறார். 2023இல் மழை பெய்து பாதை சேறாகிவிட்டது. சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே களிமண் அப்பிக்கொள்ள, சாம்பியன்களும் சாதாரணர்களும் ஒரே மாதிரி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் யார் தொழில்முறை, யார் அமெச்சூர் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கிராவல் பந்தயத்தின் கவர்ச்சியே இதுதான். கால்பந்தில் நீங்களும் மெஸ்ஸியும் ஒரே மைதானத்தில் இறங்க முடியாது. இங்கே முடியும்.

ஐரோப்பாவில் கதை வேறு வழியில் வந்தது. இத்தாலியின் டஸ்கனியில் வெள்ளைச் சரளைப் பாதைகளை ஒவ்வொன்றாகத் தார் விழுங்கிக்கொண்டிருந்தபோது, அவற்றைக் காப்பாற்ற 1997இல் 'லெரோயிகா' என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் வழியாக 2007இல் பிறந்ததுதான் இன்று புகழ்பெற்ற 'ஸ்ட்ராதே பியாங்கே' தொழில்முறைப் பந்தயம். பெயருக்கு அர்த்தம் 'வெள்ளைச் சாலைகள்'. கடைசியாக, சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யூசிஐ இதைத் தன் குடைக்குள் கொண்டுவந்தது. 2022இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் உலக கிராவல் சாம்பியன்ஷிப் நடந்தது. பெல்ஜியத்தின் ஜியானி வெர்மீர்ஷும் பிரான்சின் பவுலின் ஃபெராண்ட்-பிரவோவும் முதல் சாம்பியன்கள்.

இதில் அமெச்சூர்களுக்கு ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். பல நாடுகளில் நடக்கிற தகுதிப் பந்தயங்களில், உங்கள் வயதுப் பிரிவில் முதல் 25 சதவீதத்துக்குள் வந்தால் உலகப் போட்டிக்குப் போகலாம். வயதுப் பிரிவுகள் 19 முதல் 34 வரை, பிறகு 35–39, 40–44 என்று ஐந்து ஐந்து வருஷமாக மேலே போகின்றன. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கணக்கு 19இல் தொடங்குகிறது.

*

ஆனால் வரலாறாகப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சைக்கிள் பிறந்தபோது சரளை 'சாகசம்' கிடையாது. இருந்த சாலையே அதுதான். 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்துகொடுத்தார். பையனின் வண்டி அப்படிக் குதித்ததற்குக் காரணம் தரைதான். 1903இல் முதல் டூர் டி பிரான்ஸ் ஓடிய சாலைகளில் பெரும்பாலானவை மண்ணும் சரளையும்தான். அமெரிக்காவில் 1880இல் அமைந்த சைக்கிள்காரர்கள் சங்கம், 'எங்களுக்கு நல்ல சாலை கொடுங்கள்' என்று அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியது. கார் வருவதற்கு முன்பே நல்ல சாலைக்காகக் குரல் கொடுத்தவர்கள் சைக்கிள்காரர்கள். அந்தச் சாலை வந்ததும் கார் அதைப் பிடித்துக்கொண்டது. நூறு வருஷம் கழித்து, காருக்குப் பயந்து சைக்கிள்காரர்கள் திரும்பவும் சரளையைத் தேடிப் போகிறார்கள்.

நானும் அப்படித்தான். மேலூர் வழியாகப் போகிற நான்குவழிச் சாலையில் சைக்கிள் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. பெரியாற்றுக் கால்வாயின் கரையில் ஓட்டுவேன். 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்தபிறகு மேற்கே ஓடவேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பி, மேலூர்ப் பக்கத்து வயல்களுக்கும் வந்தது. அந்தக் கால்வாய்க்கரையும் ஒரு கிராவல் ரோடுதான். பந்தயக்காரர்கள் கோடு போட்டுத் தேடுகிற எல்லாமே அதில் இருக்கிறது: சரளை, பள்ளம், ஆட்டு மந்தை, எதிர்க்காற்று.

ஆனால் அதில் ஓட்டுகிற பெரும்பாலானவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல. கேரியரில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வருகிற பெரியவருக்கு வேறு பாதை கிடையாது. கிராவல் பந்தயத்தைப் பற்றி எழுதப்படுகிற எல்லா வரலாறும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. தார் கிடைத்தபிறகு சரளைக்குத் திரும்பியவர்களின் கதை அது. தார் வருவதற்கு முன்பு அதே சரளையில் சைக்கிள் ஏறியவர்களுக்கும் ஒரு கதை உண்டு. அதிலும் பந்தயங்கள் இருந்தன.

*

எங்கள் ஊர்க்காரர் என்றால் உலகத்துக்கு மாணிக்கவாசகர்தான். பாண்டியனின் அமைச்சராக இருந்தவர், குதிரை வாங்கப் பணத்தோடு திருப்பெருந்துறைக்குப் போனார், பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்தார், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன என்று கதை. திருப்பெருந்துறை என்கிற ஆவுடையார்கோயில் இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. வாதவூரர் குதிரை வாங்கப் போன திசையிலிருந்துதான் என் அம்மா வாக்கப்பட்டு வந்தாள். இலுப்பூர்ப் பக்கம் அவள் ஊர். அவளும் ஒரு வாகனத்தைப் பழக்கிவிட்டுத்தான் வந்தாள்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த அலை இங்கேயும் வந்தது. தொண்டர்களில் நிறையப் பேர் பெண்கள். சாயங்காலம் ஒரு ஊரில் வகுப்பு, அடுத்த நாள் அடுத்த ஊரில் கூட்டம். பஸ் வராத ஊர்கள். போய்த் திரும்ப ஒரு ஆண் துணை வேண்டும், அல்லது யாராவது கேரியரில் ஏற்றிப் போக வேண்டும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதை ஒரு போக்குவரத்துப் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதையே எழுத்தறிவின் ஒரு பகுதியாக ஆக்கினார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பொறுப்பு பிரித்துக் கொடுத்தார்.

கேலி இல்லாமல் இல்லை. "பொம்பளை சைக்கிள்ல போனா ஊர்ல மழை பெய்யுமா?" என்று டீக்கடையில் கேட்டார்களாம். அம்மா சொல்வாள். ஆனால் கற்றுக்கொள்ள வந்தவர்கள் நிற்கவில்லை. குடுமியான்மலைக் கல்குவாரிகளில் வேலை செய்த பெண்கள் கற்றார்கள். ஏழாம் நூற்றாண்டின் இசைக் கல்வெட்டு இருக்கிற அதே குடுமியான்மலை. ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், விவசாயக் கூலிகள் எல்லாரும் கற்றார்கள். முத்துபாஸ்கரன் என்ற அறிவொளித் தொண்டர் எழுதிய சைக்கிள் பாட்டு பயிற்சி மைதானங்களின் கீதமாகிவிட்டது.

'லேடீஸ் சைக்கிள்' போதவில்லை. ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிளையே எடுத்தார்கள். பல பெண்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. பாரில் ஒரு பிள்ளையை உட்கார வைக்கலாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதினார். 1996இல் வந்த அவருடைய வறுமை பற்றிய புகழ்பெற்ற புத்தகத்தில் அது ஒரு அத்தியாயம். அதன் இந்தி வடிவம் தேசியப் பாடநூலில் எட்டாம் வகுப்புக்கு வைக்கப்பட்டது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பிள்ளைகள் புதுக்கோட்டையைப் படித்தார்கள். நம் பாடப்புத்தகத்தில் நான் அதைப் படித்த ஞாபகம் இல்லை.

சாய்நாத் தரும் எண்கள் இவை: பதினெட்டு மாதங்களில் ஒரு லட்சம் கிராமத்துப் பெண்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகளை விட்டுக் கணக்கிட்டால், மாவட்டத்தின் கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் ஹேண்டில் பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் நுழைந்தார்கள். சைக்கிள் போட்டி-கண்காட்சிகளில் 70,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள்.

போட்டி என்ற சொல்லைக் கவனியுங்கள். கான்சாஸில் 34 பேர் கூடுவதற்குப் பதினாலு வருஷம் முன்பு, இங்கே சரளைப் பாதைகளின் ஊர்களில் இருந்து வந்து எழுபதாயிரம் பேர் போட்டியில் சைக்கிள் ஓட்டியிருக்கிறார்கள். அவர்களில் தொழில்முறை யாரும் இல்லை. அமெச்சூர் என்ற சொல்லும் பொருந்தாது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓய்வு நேரம் என்று ஒன்று இருக்கவேண்டும். கல்லுடைத்துவிட்டு வந்து கையெழுத்துப் பழகி, அதற்கப்புறம் சைக்கிள் பழகிய பெண்ணை அமெச்சூர் என்று எப்படிச் சொல்வது?

இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவரவில்லை. அன்பவுண்டில் ஜெயிப்பது வேறு, அறிவொளிப் போட்டியில் விழாமல் சுற்றி வருவது வேறு. ஆனால் கிராவல் பந்தயம் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம், யார் வேண்டுமானாலும் கோட்டில் வந்து நிற்கலாம் என்பது. அந்தப் பெருமையை வைத்து அளந்தால் புதுக்கோட்டைக்கு முன்னால் வைக்க எந்தப் பந்தயமும் இல்லை. கான்சாஸுக்கு வர நல்ல சைக்கிளும் விமானக் கட்டணமும் கட்டாயம். புதுக்கோட்டைக்கு அப்பாவின் சைக்கிளை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினால் போதும். அம்மா அப்படித்தான் வாங்கினாள்.

*

தொழில்நுட்பம் பற்றியும் அவளுக்கு அபிப்பிராயம் உண்டு. இன்றைய கிராவல் சைக்கிளுக்கு 40 மில்லிமீட்டருக்கு மேலான அகல டயர், குறைந்த காற்றழுத்தம், வளைந்த கைப்பிடி. காற்றைக் குறைத்தால் டயர் கல்லின் மேல் படிந்து போகும், பிடிப்பு கூடும் என்று வீடியோக்களில் விளக்குகிறார்கள். "எங்க ஊரு வாடகைச் சைக்கிள்கடைக்காரரு பழகுற பிள்ளைகளுக்குக் காத்தைக் கொஞ்சம் எறக்கித்தான் குடுப்பாரு" என்றாள் அம்மா. "சரளையில முன் பிரேக்கைப் புடிக்கக் கூடாது. முன் சக்கரத்தைப் பாத்து ஓட்டுனா விழுந்துருவ. தூரத்துல பாரு, வண்டி தானாப் போகும்." இதே அறிவுரையைத்தான் தொழில்முறை வீரர்களும் சொல்கிறார்கள்.

1995இல் கல்யாணமாகி வாதவூர் வந்ததும் அவள் ஓட்டுவதை விட்டுவிட்டாள். யாரும் தடுக்கவில்லை என்றுதான் சொல்வாள். "இங்க யாரும் ஓட்டல, நானும் ஓட்டல." ஓர் இயக்கம் ஒரு லட்சம் பேரைச் சைக்கிளில் ஏற்றலாம். ஆனால் மாவட்ட எல்லையைத் தாண்டி வாக்கப்பட்டுப் போகிறவளோடு அந்த இயக்கம் வராது.

எனக்குச் சைக்கிள் அரசாங்கத்திடமிருந்து வந்தது. 2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு 2005–06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லாருக்கும் விரிந்த திட்டம். பதினோராம் வகுப்பில் முன்னால் கூடை வைத்த சைக்கிள் எனக்கும் கிடைத்தது. கண்மாய்க்கரையில் அதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் காட்டியபோது அவள் ஒரு காரியம் செய்தாள். சேலையைச் சொருகிக்கொண்டு ஏறி, ஐயனார் கோயில் வரை போய்த் திரும்பி வந்தாள். இருபது வருஷ இடைவெளி. ஒரு தடுமாற்றம் இல்லை. இறங்கி, "செயினுக்கு எண்ணெய் விடு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த வருஷம் செப்டம்பர் 15 அன்று அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில் நான் ஓடினேன். மாவட்டந்தோறும் நடப்பது. 13, 15, 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று பிரிவு. என் பிரிவில் பெண்களுக்கு 15 கிலோமீட்டர். அதன் விதிகளில் ஒன்று எனக்கு இன்றைக்கும் பிடித்தமானது: இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி கொண்ட சைக்கிளாக இருக்க வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளை பந்தய சைக்கிளோடு வந்து எங்களைத் தூக்கிச் சாப்பிட முடியாது. 1949இல் சென்னை அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த ஹெர்குலஸ், பிஎஸ்ஏ மாதிரியான சைக்கிள்கள்தான் அந்தக் கோட்டில் நிற்கும். கூடையைக் கழற்றிவிட்டு ஓடினேன். எட்டாவதாக வந்தேன்.

சமத்துவத்தை விதியாக எழுதிய பந்தயம் அது. யூசிஐ விதிப்புத்தகத்துக்கு அப்படி ஒன்று தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

ஆனால் அதில் ஒரு கோடும் இருக்கிறது. 17க்கு மேல் சைக்கிள் பிரிவு கிடையாது. அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு கல்லூரி பஸ், பிறகு வேலை, பிறகு ஸ்கூட்டி. உலகப் போட்டியின் வயதுக் கணக்கு 19இல் தொடங்குகிறது என்றேனே, எங்கள் கணக்கு 17இல் முடிந்துபோகிறது. நடுவில் இருக்கிற இரண்டு வருஷம் சின்ன இடைவெளி மாதிரித் தெரியும். உண்மையில் ஒரு பெண்ணின் மிச்ச ஆயுள் முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது.

ஸ்கூட்டி வந்ததை நான் குறை சொல்லமாட்டேன். புதுக்கோட்டைப் பெண்களில் பலரும் சைக்கிளிலிருந்து மொபெட்டுக்கு ஏறினார்கள். அது முன்னேற்றம்தான். 2000த்தில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் எத்தனையோ சரளைப் பாதைகளுக்குத் தார் போட்டது. மருத்துவமனைக்குப் போகிற கர்ப்பிணிக்குச் சரளையின் அழகைப் பற்றி வகுப்பெடுக்க எனக்கு வாயில்லை. நான் கேட்பது வேறு. தேவைக்காக ஓட்டிய காலம் முடிந்தபிறகு, ஆசைக்காக ஓட்டுகிற காலம் நமக்கு ஏன் வரவில்லை? இத்தாலிக்காரர்கள் வெள்ளைப் பாதையைக் காப்பாற்ற ஒரு பந்தயம் வைத்தார்கள். கான்சாஸில் ஏர் இறங்காத நிலத்தில் ஒரு பந்தயம் வைத்தார்கள். நம்மிடம் கண்மாய்க்கரை இருக்கிறது, கால்வாய்க்கரை இருக்கிறது. சரளையில் ஓட்டத் தெரிந்த, இப்போது ஐம்பதைத் தொட்ட ஒரு தலைமுறையே இருக்கிறது. அவர்களை ஒரு கோட்டில் வந்து நிற்கச் சொல்ல மட்டும் ஆளில்லை.

இதை எழுதி முடித்துவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மரியான் வோஸ் பகுதி வந்தபோது நிறுத்தச் சொன்னாள்.

"அந்த வயசுக் கணக்கு சொன்னியே. அம்பத்தி ரெண்டுக்கு எது?"

"50–54."

"அதுல எத்தன பொம்பளைங்க ஓடுவாளுக?"

"கம்மியாத்தான் இருக்கும்மா."

"அப்ப கால்வாசிக்குள்ள வர்றது கஷ்டமில்ல" என்றாள். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி, என் சைக்கிள் எங்கே கிடக்கிறது, அதற்கு டயர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது. டயர் இரண்டும் வெடித்துப்போயிருந்தன. மேலூரில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.